சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கு

வியாழக்கிழமை விடியுமுன் திண்டுக்கல்லில் திருச்சி வண்டி ஏறினால், பாதிப் பேர் அய்யலூர் சந்தைக்குப் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து ஒரு கட்டுச்சேவல் தலையை மட்டும் நீட்டி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. வடமதுரை தாண்டியதும் கிழக்கு வெளுத்தது. சாலைக்கு இருபுறமும் கரடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் மலை என்று சொல்லிவிட மாட்டார்கள். சிறுமலை மலை, கரந்தமலை மலை, மற்றதெல்லாம் கரடுதான். பாறையும் முள்ளும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் அந்தக் கரடுகளைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

பங்குனி மாதம். காலை ஆறரைக்கே வெயில் உறைத்தது. சந்தையில் ஆடுகளின் கத்தல், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களின் மௌனம், டீக்கடைப் பாட்டு. ஓரத்தில் தார்ப்பாய் விரித்து ஒருவர் அரிவாள், மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, ரீசார்ஜ் விளக்கு என்று பரப்பியிருந்தார். நெற்றியில் மாட்டுகிற விளக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "முந்நூறு ரூவாண்ணே. ஒரு ராத்திரி முழுக்க நிக்கும்" என்றவர், கொஞ்சம் குனிந்து சேர்த்துக்கொண்டார்: "மோட்டாருக்கும் ஆகும், முசலுக்கும் ஆகும்."

மோட்டாருக்கு ஆவது எனக்குத் தெரியும். ராத்திரி மின்சாரம் வரும்போது எழுந்து போய் மோட்டார் போட்டு, பாம்புக்குப் பயந்து பயந்து மடை திருப்புகிற சம்சாரிக்கு இரண்டு கையும் வேண்டும். விளக்கு நெற்றியில் இருந்தால்தான் மண்வெட்டி பிடிக்க முடியும். முயலுக்கு எப்படி ஆகும் என்பதை அன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்துகொண்டேன்.

நண்பரின் தகப்பனாருக்குப் பழக்கமான ஒரு பெரியவர், அய்யலூரிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில் இருக்கிறார். பழைய வேட்டைக்காரர். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். நெடுஞ்சாலையோரம் வண்டிக் கருப்பண்ணசாமி கோயிலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனேன். வண்டி வாகனம் வைத்திருப்பவர்களுக்கு அவர்தான் துணை. கருப்பசாமியைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஊர் எல்லைக்குக் காவல் நிற்கிறவர் அவர். நடுச்சாமத்தில் நாயோடு வேட்டைக்குப் போகிறவரும் அவர். சின்ன வயதில் இவை இரண்டும் தனித்தனி வேலை என்று நினைத்திருந்தேன்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பருவத்தில் இங்கே வீட்டுக்கு வீடு புளிதான். உலுக்கி, காயவைத்து, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து முடிக்கப் பங்குனி போய்விடும். "வாங்க தம்பி, மொதல்ல மோர் குடிங்க" என்றார். கொல்லையில் கோழிக்கூட்டின் மேல் பருந்துக்காக ஒரு வலை போர்த்தியிருந்தது. பின்னல் நெருக்கம், நூல் கறுத்துத் தடித்த வலை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "முசல் வலைதான். எங்கய்யா பின்னுனது. இப்ப கோழி காக்குது" என்றார்.

பேச்சு அங்கிருந்து ஆரம்பித்தது. அவர் காலத்தில் மாசிச் சிவராத்திரி முடிந்தால் பாரிவேட்டை. ஊர் ஆண்கள் எல்லாரும் கம்பு, வலை, நாய் என்று கரட்டுக்குக் கிளம்புவார்கள். ஒரு பக்கம் வலை கட்டி மறுபக்கமிருந்து சத்தம் போட்டுக் கலைத்துக்கொண்டு வருவார்கள். கிடைத்தது எல்லாருக்கும் பங்கு. வராத வீட்டுக்கும் பங்கு, நாய்க்கும் பங்கு. இந்தப் பக்கத்து ஊர்களிலும் தென்கிழக்கே சிங்கம்புணரிப் பக்கமும் இந்த வழக்கம் உண்டு. இன்றைக்கு அந்த நாட்களில் வனத்துறையினர் காவல் போட்டுத் தடுக்கிறார்கள்.

"அதுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு தம்பி. வகுத்துல குட்டி இருக்குறத அடிக்கக் கூடாது. தண்ணிக்கு வர்றத அடிக்கக் கூடாது. படுத்துக் கெடக்குறத எழுப்பி ஓட விட்டுத்தான் அடிக்கணும். தூங்குறத அடிச்சா அது வேட்டை இல்ல, களவு. புல்லுக்குத் தீ வைக்கக் கூடாது."

"ஓடுகிற முயலைப் பார்த்து, அது சினையா என்று எப்படித் தெரியும்?"

"ஓட்டத்துலயே தெரியும். வகுறு கனத்தது நேரா ஓடும். சட்டுனு திரும்பாது. அத விட்டுருவோம்."

கையிலிருந்த புளியங்கொட்டையைச் சொளகில் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவராகவே சொன்னார். "அப்புறம் பேட்டரி லைட்டு வந்துச்சு. மூஞ்சியில வெளிச்சத்த அடிச்சா முசல் அப்படியே நின்னுரும். ஓடாது. ஓடாதத சினையா இல்லையான்னு எதை வச்சுப் பாக்குறது? ஒரு ராவுல பதினொண்ணு அடிச்சோம். வீட்டுக்கு வந்து அறுத்தா நாலு சினை."

"அன்னைக்கோட நிறுத்திட்டீங்களா ஐயா?"

"இல்ல தம்பி. பொய் சொல்லக் கூடாது. அதுக்கப்புறமும் நாலஞ்சு வருசம் போனோம். நிறுத்துனது நான் இல்ல, முசல்தான். ராத்திரி பூராச் சுத்துனாலும் ஒண்ணு கண்ணுல படாம போச்சு."

அவர் சொன்னதை நான் அன்று முழுக்க அசை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விதி உயிரோடு இருக்க வேண்டுமென்றால், அதைக் கடைப்பிடிக்க ஒரு கணமாவது இடம் இருக்க வேண்டும். முயல் ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வேட்டைக்காரன் பார்த்து, நினைத்து, விட்டுவிடக் கிடைத்த நேரம். விளக்கு அந்த நேரத்தையே எடுத்துவிட்டது. யாரும் கூடி உட்கார்ந்து இனிமேல் சினையையும் அடிக்கலாம் என்று முடிவு செய்யவில்லை. ஒரு சின்னச் சாமான் வந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு போய்விட்டது. அதற்கான பொறுப்பு விளக்குடையது இல்லை. கையில் வைத்திருந்தவருடையது. பெரியவரும் அப்படித்தான் சொன்னார்.

முயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் வீட்டில் வளர்க்கும் முயல் வேறு, கரட்டு முயல் வேறு. வளர்ப்பு முயலின் இனம் வளை தோண்டி அதற்குள் குட்டி போடும். அந்தக் குட்டிக்குக் கண் திறந்திருக்காது, மயிர் இருக்காது. நம் காட்டு முயலுக்கு வளை கிடையாது. புல்லுக்குள் உடம்பு அழுந்திய ஒரு சின்னப் பள்ளம்தான் அதன் வீடு. குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லாத உயிர் என்பதால் முதல் நாளிலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணில்தான் நாம் வெளிச்சத்தை அடிக்கிறோம்.

சட்டம் இதையெல்லாம் எப்போதோ பேசிவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் உரிமம் வாங்கிக்கொண்டு சில விலங்குகளை வேட்டையாட அதில் வழி இருந்தது. 1991-ல் திருத்தம் வந்தபோதுதான் அந்த வாசலும் அடைபட்டது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு எழுதியிருக்கும் விளக்கத்தை ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் எழுதி ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றும். கொன்றால் மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது வேட்டை, இரை வைத்து இழுப்பது வேட்டை, பிடிப்பதற்காக விரட்டுவது வேட்டை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். சின்ன வயதில் கவட்டையோடு தோப்புத் தோப்பாகத் திரிந்து, பெருமைக்காக ஒரு தவிட்டுக்குருவியை அடித்தவன் நான். கையில் எடுத்தபோது அது சூடாக இருந்தது. இன்றைக்கும் அந்தச் சூடு ஞாபகம் இருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் பெரியவர் கம்பை எடுத்துக்கொண்டார். "வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்." அவருடைய பட்டா நிலத்துக்கும் வன எல்லைக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை போகிறது. எல்லைக்கற்களுக்கு அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. அனுமதியில்லாமல் போகக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். பாதையோரம் முழுக்க வெள்வேலும் கிளுவையும் கள்ளியும். முதல் அரை பர்லாங்கு தூரத்தில் எங்கள் கண்ணில் பட்டது எல்லாம் மதுப் பாட்டில்கள், தண்ணீர்ப் பாக்கெட், பிரியாணிப் பொட்டலம். இவற்றைப் போட்டுவிட்டுப் போனவர்கள் யாரும் தங்களை வேட்டைக்காரர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். காற்று வாங்க வந்தவர்கள். உடைந்த பாட்டிலின் மேல் நடந்து போகிற நரிக்கும் உடும்புக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

வேலியில் ஓரிடத்தில் பெரியவர் நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்க்கச் சொன்னார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முள்ளுக்குள் ஒரு இடைவெளி. முயலோ கீரியோ தினமும் புகுந்து புகுந்து வழுவழுப்பான வழி. அந்த வழியின் வாயில் ஒரு வளையம். மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி. மண்நிறம் வரும்வரை தீயில் காட்டிப் பளபளப்பை எடுத்திருந்தார்கள். ஒரு முனை வேலிக்கல்லில் கட்டியிருந்தது. தலை நுழைந்தால் போதும், முன்னால் இழுக்க இழுக்க இறுகும். பெரியவர் முடிச்சை அவிழ்க்காமல் கல்லோடு சேர்த்துக் கம்பியைத் திருகித் திருகி அறுத்தார். அறுத்ததைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சுருக்குக்குக் கண்ணு இல்ல தம்பி. முசலுக்கு வச்சேம்பான். மயிலு மாட்டும், நரி மாட்டும், அடுத்த வீட்டு நாய் மாட்டும். வச்சவன் மறந்துட்டுப் போயிருவான். அது அங்கேயே கெடந்து மாசக்கணக்குல வேட்டையாடிக்கிட்டு இருக்கும்."

அவர் வீட்டில் ஒரு பழைய பெயின்ட் வாளி நிறைய இப்படிச் சுருட்டிய கம்பிகள் இருக்கின்றன. வாரம் இரண்டு நாள் இந்தப் பாதையில் நடந்து எடுக்கிறார். எந்த வேலியில், எந்தச் சந்தில், எந்தத் திருப்பத்தில் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் வைத்த இடங்கள்தானே அவை. இந்த வேலையைப் படித்துவிட்டு வருகிற ஒருவரால் இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. காட்டை அழிக்கக் கற்றுக்கொண்ட கண்தான் இப்போது காட்டைக் காக்கிற கண்ணாக இருக்கிறது. கருப்பசாமி ஞாபகம் எனக்கு அப்போது வந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். மக்காச்சோளம் போட்டவர். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுது போட்ட இடத்தைக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த ஆற்றாமையைப் பார்த்தபின் அவரிடம் காட்டுயிர்ப் பாசம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது. இவருடைய நிலம் எல்லையை ஒட்டி இருக்கிறது. அந்த ஏற்பாடு இவருக்கு உதவாது. நஷ்ட ஈட்டுக்கு நடக்கிறார். இப்படிப்பட்டவர்களிடம்தான் சிலர் அவுட்டுக்காய் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தீவனத்துக்குள் நாட்டுவெடி. பன்றி கடித்தால் தாடை சிதறும். மாடு கடித்தாலும் அதேதான். தமிழகத்தின் மலையடிவாரங்களில் யானைகள் வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. எந்தக் கோபத்துக்கும் அது பதிலாகாது. அவரும் அதை ஒப்புக்கொண்டார்: "நான் பன்னியத்தான் வெறுக்கேன், இப்பிடிச் சாகணும்னு நெனக்கலண்ணே."

வேட்டைக்காரரே காவலராவது இங்கே புதிதில்லை. ஊட்டியில் 1877-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக்காரர்களின் சங்கம் அது. சுடச் சுட விலங்கு குறைகிறது என்று அவர்களுக்கே பயம் வந்துவிட்டது. 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டை, மீன்பிடிப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்து, சுடக் கூடாத காலம் என்று ஒன்று ஏற்பட்டது. தங்கள் பொழுதுபோக்கு நீடிக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது, அதை நான் பெரிதாகப் புகழ மாட்டேன். ஆனால் அதே சங்கத்தோடு பின்னாளில் சேர்ந்து உழைத்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் மலைமலையாக ஏறி வரையாடுகளை எண்ணினார். 1975-ல் அவர் செய்த ஆய்வை நினைவில் வைத்துத்தான் தமிழக அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. சுட்டு எண்ணிய இடத்தில் பார்த்து எண்ண ஒரு மனிதர் போனார்.

அதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களின் கதை. பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். சட்டம் வந்து அந்த வியாபாரம் நின்றதும் பிழைப்பும் நின்றது. 1978-ல் வடநெம்மேலியில் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பிடிக்கிற கை அதேதான், தடம் பார்க்கிற கண் அதேதான். ஒருவருக்குத் தெரிந்த வித்தையைப் பறிக்காமல், அதற்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். அய்யலூர்ப் பெரியவருக்கு யாரும் அப்படி ஒரு வேலை கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

பாரிவேட்டையை நிறுத்தினால் சாமி குற்றம் வராதா என்று கேட்டேன். அவர் பழனியைச் சொன்னார். விஜயதசமியன்று மலைக்கோயிலிலிருந்து பராசக்தி வேல் புறப்பட்டுக் கோதைமங்கலம் வரும். அங்கே வன்னிகாசுரன் வதம். வாழை மரத்தில்தான் அம்பு போடுவார்கள். நானும் ஒரு வருடம் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அம்பு பட்டதும் எழுந்த ஆரவாரத்தில் குறை ஒன்றும் இல்லை. "சாமியே வாழை மரத்தோட நிறுத்திக்கிருச்சு. நமக்கு என்ன?" என்றார் பெரியவர்.

சாப்பிட்டு முடித்து எட்டரை மணிக்குப் புறப்பட்டோம். நிலா இல்லை. அவர் மாடத்திலிருந்து ஒரு நெற்றி விளக்கை எடுத்தார். காலையில் சந்தையில் நான் கையில் எடுத்துப் பார்த்த அதே மாதிரி விளக்கு. கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் மூன்று மடிப்பாக ஒட்டி, ரப்பர் வளையம் போட்டிருந்தது. காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்களாம். வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணுக்கு ஆகாது, சிவப்பு அதைத் தொந்தரவு செய்யாது.

ஆம், தேவாங்கைத்தான் பார்க்கப் போனோம். ஒல்லியாக இருக்கிறவனைத் தேவாங்கு என்று கேலி செய்யாத தமிழ் ஊர் இருக்காது. ஆனால் கேலி செய்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? உயரம் ஒரு சாண், எடை கால் கிலோவைச் சுற்றி, வால் கிடையாது, குச்சி குச்சியாகக் கை கால். முகத்தில் பாதி கண். பகலில் முட்புதருக்குள் பந்தாகச் சுருண்டு தூங்கி, இருட்டியதும் எழுந்து பூச்சி தேடும். கரட்டோரப் புளியமரமும் வேலிமுள்ளும் அதற்குப் போதும். தோட்டத்துப் பூச்சிகளைத் தின்பதால் சம்சாரிக்கு நண்பன். 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். கடவூரோடு வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களின் காடுகளும் அதில் வருகின்றன. பூட்டும் பிரியாணியும் தவிர உலகம் திண்டுக்கல்லைத் தேடி வர இன்னொரு காரணம் இந்தக் காய்ந்த கரடுகளில் இருந்திருக்கிறது.

இந்தப் பாவப்பட்ட உயிரை என்னென்னவோ செய்தார்கள். மாந்திரீகத்துக்கு என்று பிடித்தார்கள். அதன் கண் நம் கண்நோய்க்கு மருந்து என்று நம்பிப் பிடித்தார்கள். காளத்தியில் ஒரு வேடன், சாமியின் கண்ணில் ரத்தம் வடிவதைப் பார்த்துத் தன் கண்ணைத் தோண்டி அப்பினான். அவனை நாம் கண்ணப்பர் என்று நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். வேட்டையாடுகிறவன் கண்ணைக் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில் தேவாங்கின் கண்ணைப் பறிக்க எப்படி மனம் வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பெரியவர் மெதுவாக நடந்தார். தலையைத் திருப்பும்போது விளக்கும் திரும்பி, மரம் மரமாகச் சிவப்பு வெளிச்சம் ஏறி இறங்கியது. முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. ஒரு பக்கியின் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அவர் நின்று என் முழங்கையைத் தொட்டார். தார்ச்சாலையை ஒட்டிய புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் இரண்டு தணல். அருகருகே, அசையாமல். கொஞ்ச நேரம் கழித்துத் தணல் அணைந்து, ஒரு முழம் தள்ளி மறுபடி எரிந்தது. அது எங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு கையை எடுத்து அடுத்த குச்சியைப் பிடித்து, பிடி சரியா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பின்னங்காலை எடுத்தது. குழந்தை படியேறுவது போல. விரல்கள்! நம் கைக்குழந்தையின் விரல்களைப் போலவே, நகம்கூட. திடீரென்று இரண்டு கையையும் நீட்டி எதையோ பிடித்து வாயில் போட்டது. மொறுமொறு என்று மெல்லும் சத்தம் கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது.

கிளையின் நுனி சாலையின் பாதிவரை நீண்டு முடிந்திருந்தது. எதிர்ப்பக்க மரத்தை வெட்டியிருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் இருந்தது. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளைக்குக் கிளை கை எட்டினால்தான் போகும். எட்டாவிட்டால் இறங்கித் தரையில்தான் கடக்க வேண்டும். அப்படிக் கடக்கும்போது அடிபட்டுக் கிடந்த இரண்டைத் தானே எடுத்துப் புதைத்ததாகப் பெரியவர் காதோடு காதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்தது. மூன்று பையன்கள். நடுவில் உட்கார்ந்தவன் நெற்றியில் வெள்ளை விளக்கு, வண்டிக்குப் பின்னாலேயே ஒரு நாய். பெரியவர் சாலையின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினார். வண்டி நின்றது.

"எந்த ஊருப்பா?"

ஊரைச் சொன்னார்கள். யார் மகன், யார் பேரன் என்று கேட்டார். அதையும் சொன்னார்கள். "ஒந்தாத்தாவும் நானும் ஒரே வலைதான்டா பிடிச்சோம்" என்றார் ஒருவனிடம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் வேறொன்றும் கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணு. அந்த லைட்டக் கழட்டு. மேல பாரு" என்றார்.

அவர் திருப்பிய சிவப்பு வெளிச்சத்தில் மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். நாயைக் கடைசிப் பையன் வாரைப் பிடித்து அணைத்துக்கொண்டான். "தேவாங்கா தாத்தா இது?" என்று ஒருவன் கேட்டான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், இப்போதுதான் பார்க்கிறான்.

கிளை நுனிவரை வந்த தேவாங்கு ஒரு கையைக் காற்றில் நீட்டித் துழாவிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி அடிமரத்தை நோக்கி வந்து, தலைகீழாக இறங்கத் தொடங்கியது. பெரியவர் என்னைச் சாலையின் வடக்குப் பக்கமும் அந்தப் பையன்களில் ஒருவனைத் தெற்குப் பக்கமும் போய் நிற்கச் சொன்னார். வண்டி வந்தால் நிறுத்த வேண்டும். பிறகு தன் விளக்கையும் அணைத்துவிட்டார்.

இருட்டில் நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல். பின்னால் சருகில் ஏதோ மெல்ல நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.